ஏற்றத்தில் நின்ற லொறியும் படுவான்கரைச் சிரிப்பும்

படம் வாசிக்கப் பழக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் கைப்பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் எந்நேரமும் புளி டொபி, அந்த ஒட்டுகிற மிட்டாய், கிடப்பதை வைத்து நீங்கள் ஆளுக்கொரு கதை கட்டியிருப்பது எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கியது என்றார் ஒருவர். சீனி வருத்தக்காரி களவாகத் தின்கிறா என்றாராம் இன்னொருவர். எனக்குச் சீனி வருத்தம் இல்லை. அந்த டொபி என்னுடைய தொழிற்கருவி. ஒலிவாங்கி பழுதானாலும் தொண்டையைத் திறந்து ஒரு படத்தை முடித்துவிடுவேன், டொபி இல்லாமல் முடிக்க மாட்டேன்.

நம்முடைய வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்றாலும், இதை வாசிக்கும் வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். நம் வட்டம் வெளிநாட்டுக் குறும்படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிறது. படத்தின் கீழே ஓடும் எழுத்தைப் பிடிக்க எல்லோருக்கும் கண் வாய்ப்பதில்லை, வேகமும் போதாது. ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்து, படத்தில் பேசுவதை அங்கேயே அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போவார். இதை வாசிப்பு என்கிறோம். சனம் எங்களை ‘படம் சொல்லுற ஆக்கள்’ என்பார்கள். அந்தப் பெயர்தான் எனக்குப் பிடித்தது.

எனக்கு முன்னால் வாசித்தவர் கோபக்கார மனிதர். மொழிபெயர்ப்பைப் பற்றி அவர் எனக்கு எதுவும் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. இரண்டு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக நின்றார். மேசையைத் திரையைப் பார்த்துப் போடக்கூடாது, சனத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். படத்தைப் பார்க்க உனக்கு மேசையில் ஒரு மடிக்கணினி போதும் என்றார். அடுத்தது டொபி. படத்தில் யாரும் பேசாத இடம் வந்தால் வாசிக்கிறவருக்கு நாக்கு அரிக்கத் தொடங்கும். ‘இப்போது அவள் யோசிக்கிறாள்’, ‘அவளுக்குத் தாங்க முடியாத கவலை’ என்று எதையாவது சொல்லி வைப்போம். அந்த இடம் வந்ததும் அவர் ஒரு புளி டொபியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். பல்லில் ஒட்டிக்கொண்டால் பிறகு யாரும் பேச முடியாது அல்லவா? சனத்துக்குக் கண் இருக்கிறது, நீ வாயைப் பூட்டு என்பதுதான் அவருடைய பாடம்.

இந்த இரண்டு பழக்கமும் ஒரே நாளில் என்னைக் காப்பாற்றியது நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னால்தான்.

அந்த முறை பூட்டானிலிருந்து சில குறும்படங்கள் வந்திருந்தன. எடுத்தவர்கள் எல்லோரும் உங்கள் வயதுப் பிள்ளைகள். அரண்மனையும் இல்லை, மலைக்குப் பின்னால் சூரியன் எழும்புவதும் இல்லை. வெதுப்பகம் தொடங்க ஆசைப்படும் இரண்டு சிநேகிதிகள், பஸ் கழுவிக்கொண்டே விமானம் ஓட்ட நினைக்கும் ஒரு பையன் என்று சாதாரண ஆட்கள். காலையில் எழும்பி வேலைக்குப் போகிறார்கள், மனதுக்குள் ஒரு ஆசையை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எத்தனையோ பெரிய படங்களுக்கு வாசித்த எனக்கு இந்தச் சின்னப் படங்களில்தான் மனது ஒட்டிக்கொண்டது.

படங்களோடு ஒரு இயக்குநரும் வந்திருந்தாள். பெயர் தெச்சென். குட்டையான பெண், கொஞ்சம் வெட்கம், ஆனால் சோற்றுக்கு மிளகாய்ப் பொரியல் கேட்டு வாங்குகிறவள். நம் வெயிலைத் தாங்க மாட்டாள் என்று நினைத்தோம். நம் மிளகாய்தான் அவளைத் தாங்கவில்லை, இது உறைக்கவே இல்லை என்றாள். அவளுடைய படம் அவளுடைய அக்கா பேமாவைப் பற்றியது. பேமா மலைச்சரிவில் உருளைக்கிழங்கும் மிளகாயும் பயிரிடுகிறவள். விளைந்ததைச் சந்தைக்கு ஏற்ற மற்றவர்களின் வாகனத்துக்காகக் காத்துக் கிடப்பது அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. தன்னுடைய கிழங்கைத் தானே ஓட்டிப்போக வேண்டும் என்பது அவள் ஆசை. லொறி ஓட்டப் பழகி, லைசன்ஸ் எடுத்து, நாம் பட்டா என்று சொல்லும் சின்ன லொறி ஒன்றை வாங்குகிறாள்.

படத்தின் கடைசிக் காட்சி, கிழங்கு மூட்டைகளோடு அவள் முதன்முதலாக ஒரு மலை ஏற்றத்தில் ஏறுவது. கமரா லொறிக்குள் பக்கத்து இருக்கையில் இருக்கிறது. லொறி பாதி ஏற்றத்தில் நின்றுபோகிறது. பின்னால் உருள்கிறது. பேமா பிறேக்கை மிதித்து, மூச்சு வாங்கி, மறுபடி கிளப்புகிறாள். மறுபடியும் நின்றுபோகிறது. ஒரு வார்த்தை பேச்சு இல்லை. முகம் மட்டும்தான். பிறகு ஒருவழியாக ஏறிவிடுகிறாள், படம் முடிகிறது.

முதல் திரையிடல் மட்டக்களப்பு நகரத்தில், குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. வந்தவர்கள் அமைதியாக இருந்து பார்த்தார்கள், அளவாகக் கைதட்டினார்கள், பால் விடாத பிளேன்டி குடித்துவிட்டுப் போனார்கள். தெச்சென் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். இவ்வளவு சாதுவான கைதட்டலுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு விளங்கவில்லை.

காரணம் மறுநாள் எங்கள் வான் வண்டிக்குள் தெரிந்தது. வெல்லாவெளிப் பக்கத்து ஊர் ஒன்றில் பின்னேரத் திரையிடல். பட்டிருப்புப் பாலத்தில் வான் ஏறும்போது தெச்சென் வாவியைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள். லொறி நின்றுபோகும் காட்சியைப் படத்தில் வைக்க அக்கா முதலில் சம்மதிக்கவே இல்லையாம். பெண் ஓட்டினால் இப்படித்தான் என்று ஊரில் ஏற்கெனவே கதைக்கிறார்கள், வெளிநாட்டுக்காரரும் சிரிக்க வேண்டுமா என்று கேட்டாளாம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். எங்கேயாவது ஓரிடத்தில் சனம் அவளைப் பார்த்துச் சிரித்தால், தெச்சென் அந்தக் காட்சியை வெட்டிவிட வேண்டும். தெச்சென் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

வெட்டினால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன்.

“உருளைக்கிழங்கு” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. அந்தக் காட்சிக்காகத்தான் அவள் அந்தப் படத்தையே எடுத்திருக்கிறாள். வாவிக்கு மேற்கே இருக்கும் இந்தப் படுவான்கரைச் சனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் அளவாகக் கைதட்டுகிறவர்கள் இல்லை. படத்தில் ஒருவன் தண்ணீர் கேட்டால், எடுத்துக் கொடுக்கச் சொல்லி மற்றவனை அதட்டுகிறவர்கள். பாலத்தை விட்டு வான் இறங்கும்போதே கைப்பைக்குள் டொபி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஊரின் பலநோக்கு மண்டபத்தில் ஜன்னல்களுக்குத் தார்ப்பாய்ப் படங்கு கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். அறுவடை முடிந்த நேரம், சனத்தின் கையும் மனதும் லேசாக இருந்தன. பெண்கள் முன்னால் பாயிலும், ஆண்கள் பின்னால் கதிரையிலும் இருந்தார்கள். தெச்சென் எல்லோருக்கும் பின்னால், வாசல் ஓரம் போய் நின்றுகொண்டாள். படம் ஓட்டுவது நிரோஜன். உங்களுக்கு உபகரணம் பழக்குகிற அதே நிரோஜன்தான். எனக்கும் அவருக்கும் ஒரு ஏற்பாடு உண்டு: நான் கையைத் தூக்கினால் படத்தை நிறுத்த வேண்டும். வேறு யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது.

மற்றப் படங்கள் சந்தோஷமாகவே போயின. விமானம் ஓட்ட ஆசைப்பட்ட பையனுக்கு ஒரு மனுசி அங்கேயே ஆசீர்வாதம் கொடுத்தா. பிறகு பேமாவின் படம் தொடங்கியது. கிழங்கு கிண்டும்போது, அந்த மண் நல்ல மண் என்று பின்னால் ஒரு விவாதமே நடந்தது. பேமாவுக்கு லைசன்ஸ் கிடைத்ததும் பாயில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசி ஏற்றம் வந்தது. இனி எனக்குப் பேச்சு இல்லை, ஆகவே டொபியை வாயில் போட்டேன்.

லொறி முதல் தரம் நின்றதும் மண்டபம் அமைதியாக இருந்தது. அது பின்னால் உருண்டதும் முன்வரிசையில் ஒருத்தி குபீரென்று சிரித்தாள். அடுத்தவளும் சிரித்தாள். பிறகு பாய் முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு மனிதர் திரையைப் பார்த்துச் சொன்னார்:

“பிறேக்க விட்டிராத கா, பிறேக்க விட்டிராத.”

அதற்கும் ஒரு சிரிப்பு.

தெச்சென் சுவர் ஓரமாக ஓடாத குறையாக என்னிடம் வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. குனிந்து என் காதில், நிறுத்துங்கள், தயவுசெய்து நிறுத்துங்கள் என்றாள். நிரோஜன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ பல்லும் பல்லும் ஒட்டிக்கிடந்தன. ஆமென்றும் சொல்ல வழியில்லை, இல்லையென்றும் சொல்ல வழியில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். படம் அவளுடையது. நிறுத்தச் சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு. அவளுக்கு மேலாக நின்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அவள் இவ்வளவு நேரமும் நின்றது சனத்துக்குப் பின்னால். அவள் பார்த்தது குலுங்கும் முதுகுகளை, கேட்டது சத்தத்தை. நான் இருந்தது சனத்துக்கு முன்னால். சிரித்தவர்களின் முகம் எனக்குத் தெரிந்தது, கைகால்களும் தெரிந்தன. முதலில் சிரித்தவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, எதையோ பிடித்திருப்பது போல விரல்களை இறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளின் வலது கால் பாயை அழுத்திக்கொண்டிருந்தது. வாய் சிரித்தது, உடம்பு லொறியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது.

நான் கையைத் தூக்கவில்லை. அந்தக் கையால் தெச்சென்னின் மணிக்கட்டைப் பிடித்து, அவளை என் கதிரைக்குப் பக்கத்தில் சனத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன். அதற்குப் பிறகும் அவள் நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

லொறி இரண்டாம் தரமும் நின்றது. இப்போது சிரிப்பு இல்லை. ஒருத்தி தன் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டாள். எஞ்சின் முனகியது, பேமாவின் நெற்றியில் வேர்வை இறங்கியது, லொறி மெதுவாக, மிக மெதுவாக முன்னால் நகர்ந்தது. உச்சியைத் தொட்டதும் பாயிலிருந்து குரவை எழும்பியது. ஒருத்தி தொடங்க, மண்டபம் முழுவதும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள். படங்கெல்லாம் அதிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. எத்தனையோ வருடமாக வாசிக்கிறேன், ஒரு படத்துக்கு யாரும் குரவை போட்டு அதுவரை நான் கேட்டதில்லை.

தெச்சென் என் தோளை நகம் பதியப் பிடித்தாள். அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதா, வைத்தியரைக் கூப்பிட வேண்டுமா என்று கேட்டாள். நான் டொபியை ஒருவழியாகத் துப்பிவிட்டு விளக்கினேன். இது அம்மன் வெளியே வரும்போது போடுவது, பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வரும்போது போடுவது, இன்றைக்கு உன் அக்காவுக்குப் போட்டிருக்கிறார்கள் என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தார்களே, அது ஏன் என்று கேட்கச் சொன்னாள்.

முதலில் சிரித்தவளின் பெயர் யோகேஸ்வரி. நாற்பது வயதிருக்கும். புருஷனும் அவளுமாக வயல் செய்கிறார்கள், லாண்ட்மாஸ்டர் ஓட்டுவது அவள்தான். இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து ஓட்டும் அந்தச் சின்ன உழவு இயந்திரத்தின் பின்னால் இழுவைப் பெட்டி பூட்டி, நெல்லு மூட்டையும் ஏற்றிப்போவாள். நான் கேள்வியைச் சொன்னதும் அவள் எழும்பி நின்றாள்.

“அவவப் பாத்து ஆரு சிரிச்ச? நான் என்னப் பாத்தெல்லா சிரிச்ச. போன போகம் குளக்கட்டுல ஏறக்குள்ள எனக்கும் இப்பிடித்தான் நிண்டிற்று. பின்னால வந்த எங்கட அவர் பயத்துல வாய்க்காலுக்க பாஞ்சிற்றார்.”

அந்த அவர் பின்வரிசையில் இருந்தார். மண்டபம் திரும்பி அவரைப் பார்த்து இன்னொரு தரம் சிரித்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

இதோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். தெச்சென் அப்படி நினைக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான், சிரித்தால் வெட்ட வேண்டும் என்றுதான் பேச்சு, ஏன் சிரித்தார்கள் என்று பேச்சில்லை என்றாள். அக்காவிடம் உள்ளதைச் சொல்லுவேன், முடிவு அவளுடையது என்றாள். எனக்கு அந்தப் பிள்ளையை அப்போதுதான் மிகவும் பிடித்தது. சொல்லாமல் விட்டிருந்தால் பேமாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

மண்டபத்துக்குள் போன் எடுபடாது, உயரமான குளக்கட்டில்தான் எடுபடும் என்றார்கள். ஆகவே பாயில் இருந்த அத்தனை பெண்களும் எங்களோடு குளக்கட்டுக்கு வந்தார்கள். வெயில் தணிந்திருந்தது. வீடியோவில் பேமா வந்தாள். படத்தில் பார்த்த அதே முகம், பின்னால் கிழங்கு மூட்டைகள். இத்தனை பெண்களைக் கண்டதும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். தெச்சென் தங்கள் மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள். சிரித்தார்கள் என்ற இடத்துக்கு வந்திருக்க வேண்டும், பேமாவின் முகம் இறுகிவிட்டது. குரவையைப் பற்றிச் சொன்னபோதும் இளகவில்லை. யோகேஸ்வரியின் கதையை நான் ஆங்கிலத்தில் சொல்ல, தெச்சென் அதை அவளுக்குச் சொன்னாள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று பேமா ஒற்றை வரியில் பதில் சொன்னாளாம்.

நான் தமிழில் சொன்ன அந்தப் பதிலை யோகேஸ்வரி இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று குளக்கட்டிலிருந்து இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் டக் டக் டக் என்று சத்தம் கேட்டது. பெட்டியில் உரப்பைகள் கிடந்த தன் லாண்ட்மாஸ்டரோடு குளக்கட்டின் அடிக்கு வந்து நின்று, போனை வைத்திருந்த நிரோஜனுக்கு, அதைத் தன் பக்கம் பிடிக்கச் சொல்லிக் கைகாட்டினாள்.

குளக்கட்டில் பாதி தூரம் நன்றாகத்தான் ஏறினாள். அந்த இடத்தில் எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோயிற்று. பெட்டி மெல்லப் பின்னால் உருண்டது. யோகேஸ்வரி கைப்பிடியோடு இழுபட்டாள், கீழே பெட்டிக்குப் பின்னால் வந்துநின்ற அவளுடைய புருஷன் ஒரு நொடி தயங்கிப் பார்த்துவிட்டு நேரே வாய்க்காலுக்குள் பாய்ந்தார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. போனில் பேமா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற பயம். அப்போது போனுக்குள்ளிருந்துதான் சிரிப்பு வந்தது. முதலில் ஒரு விக்கல் மாதிரி, பிறகு அடக்க முடியாத சிரிப்பு. பேமா கிழங்கு மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதைக் கேட்டதும் எங்களுக்கும் கட்டு அறுந்துவிட்டது. வாய்க்காலுக்குள் நின்ற மனிதர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிழிந்துகொண்டு, இன்றைக்கும் நான்தானா என்றார்.

யோகேஸ்வரி பெட்டி உருளாமல் சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, மூச்சு வாங்க மேலே பார்த்தாள்.

“இப்ப அவவும் சிரிச்சிற்றா. இனிக் கேளுங்க, அவ என்னப் பாத்தா சிரிச்ச?”

நான் சொல்ல, தெச்சென் சொன்னாள். பேமா கண்ணைத் துடைத்தாள். பிறகு இல்லையென்று தலையாட்டினாள்.

யோகேஸ்வரி மறுபடி எஞ்சினைக் கிளப்பி, லாண்ட்மாஸ்டரைக் கட்டுக்கு மேலே கொண்டுவந்தாள். பெண்கள் குரவை போட வாயெடுத்தார்கள். அதற்கு முன்பே போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கோழியைத் துரத்துவதற்கும் பிள்ளையைத் தாலாட்டுவதற்கும் நடுவில் ஏதோ ஒன்று. எங்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தங்கை சொன்னதை வைத்து, கேட்டே இராத குரவையை மலையில் இருந்துகொண்டு பேமா போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் அதை அப்படியே ஏற்று, மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். குளத்தில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டது.

லொறி நின்றுபோகும் அந்தக் காட்சி இன்றைக்கும் படத்தில் இருக்கிறது. பேமா பழைய நிபந்தனையை எடுத்துவிட்டாள், ஆனால் சும்மா எடுக்கவில்லை. சனம் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம், லொறி ஏறி முடிந்ததும் அந்தச் சத்தத்தை யாராவது ஒருவர் போட வேண்டும். அது தெச்சென்னின் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள்.

யோகேஸ்வரி வேண்டுமென்றே எஞ்சினை நிற்கவிட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வானில் ஏற முன் கேட்டேன். “அதக் குளக்கட்டுக்கிட்டக் கேளுங்க அக்கா” என்று சொல்லிவிட்டு, புருஷனுக்குக் காய்ந்த சாரம் எடுக்கப் போய்விட்டாள். நீங்கள் வாசிக்கும் படம் ஓடும்போது யாராவது சிரித்தால், கையைத் தூக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். மேசையை மட்டும் திரையைப் பார்க்கத் திருப்பிவிடாதீர்கள். டொபி என் செலவு.

திரும்பி வரும் வழி முழுக்கத் தெச்சென் குரவை பழகினாள். நாக்கை எங்கே வைப்பது என்று நான் காட்டிக் கொடுத்தேன். பட்டிருப்புப் பாலத்தில் அது ஆட்டுக் கத்தலாக இருந்தது. களுவாஞ்சிகுடிச் சந்தியில் வானை நிறுத்தியபோது, கடைவாசலில் நின்றவர்கள் யாருக்கோ வலிப்பு என்று தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார்கள். நிரோஜன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அவள் விடவில்லை. தேற்றாத்தீவில் என் வீட்டு வாசலில் நான் இறங்கி, வான் புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போனபின், இருட்டத் தொடங்கிய தெருவிலிருந்து ஒரு குரவை கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டி, யார் வீட்டில் கலியாணம் என்று கேட்டாள்.